எண்பத்தொன்றாவது கட்டம்

போன மாதம் காக்கநாட்டில் உங்கள் அலுவலகத்தைச் சுற்றிக் காட்டினீர்கள். ஒரு திரையில் பஸ் நேரங்கள் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டிருந்தன. "ஆறு மாசமா ஓடுது மேடம், ஒரு கம்ப்ளெயின்ட் கிடையாது" என்று ஒரு பெண் பெருமையாகச் சொன்னாள். நான் சிரித்து வைத்தேன். அப்போதே அவளிடம் ஒன்று சொல்லியிருக்க வேண்டும். நின்றுகொண்டு சொல்லும் அளவுக்குச் சின்ன விஷயமாக அது இல்லை, என் முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்களில் பாதிப் பேர் கோயம்புத்தூர், மீதிப் பாதி பாலக்காடு. அதனால் தமிழில் எழுதுகிறேன். நான் கொச்சியில், மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா பஜார் ரோட்டில் தையல்கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம், தமிழ் எழுத்து வாரப் பத்திரிகைகளைப் பார்த்து நானாகப் பழகிக்கொண்டது. இதில் வருகிறவர்கள் பெரும்பாலும் என்னிடம் மலையாளத்தில் பேசியவர்கள். அதை எங்கள் வீட்டுத் தமிழில் மாற்றித் தருகிறேன். கொஞ்சம் மலையாளம் ஒட்டிக்கொண்டு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு சிறிய நிறுவனத்தில் பஞ்ச் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். மிளகு வியாபாரிகளுக்கும் கப்பல் ஏஜென்டுகளுக்கும் கம்ப்யூட்டர் வேலை செய்து கொடுக்கிற இடம். கீழே சுக்குக் கிடங்கு, மேலே நாங்கள். ஏசி மெஷினுக்கு, தும்மல் எங்களுக்கு. விவரங்களை அட்டையில் துளை போட்டுப் பதிவதுதான் என் வேலை. ஒரு அட்டையில் எண்பது கட்டம், ஒரு கட்டத்தில் ஒரு எழுத்து அல்லது ஒரு எண். எண்பது நிரம்பினால் அடுத்த அட்டை. இதை வருடக்கணக்கில் செய்தவர்களுக்கு எண்பதோடு உலகம் முடிந்துவிடும். எண்பதுகளில் அட்டை போய் ஃப்ளாப்பி வந்தது. புது மெஷினில் ஒரு வரிக்கு எத்தனை கட்டம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று விற்க வந்தவரே சொல்லிக் கொடுத்தார். நாங்கள் தலையாட்டிவிட்டு எல்லா வேலைக்கும் எண்பதுதான் வைத்தோம். ஏன் என்று எங்களில் ஒருத்திகூடக் கேட்டதில்லை.

என்னைப் புரோகிராமர் என்று கூப்பிடத் தொடங்கியிருந்த சமயத்தில்தான் பஸ் வேலை வந்தது. அந்த பஸ் நிறுவனத்தின் பெயர் வேண்டாம். தெற்கே இருந்த அதன் தலைமை அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, எல்லா வண்டிகளின் நேரத்தையும் அதில் ஏற்றியிருந்தார்கள். எங்கள் பக்கத்து டிப்போக்களுக்கான பகுதியை ஃப்ளாப்பியில் எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் அதை எங்கள் மெஷினில் ஏற்றி, ஒவ்வொரு வண்டிக்கும் டியூட்டி ஷீட் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். எந்த வண்டி, எங்கே, எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்பதெல்லாம் அந்த ஷீட்டில் இருக்கும். டிரைவரும் அதைத்தான் பார்ப்பார், அவரைச் சோதிக்கிறவரும் அதைத்தான் பார்ப்பார்.

அவர்கள் மெஷின் ஒரு கம்பெனி, எங்களுடையது வேறு கம்பெனி. இரண்டுக்கும் முகம் கொடுத்துப் பேச்சு கிடையாது. நடுவில் நின்று சமாதானம் செய்துவைப்பது என் வேலை. ஃப்ளாப்பிகள் ஒரு பிஸ்கட் டின்னில், அந்த நிறுவனத்தின் பஸ்ஸிலேயே, கண்டக்டர் கையில் வரும். பஸ் நேரம் பஸ் ஏறி வருகிறது என்று கேலி பேசுவோம். முதல் தடவை அந்த பஸ்ஸே இரண்டு மணி நேரம் தாமதம்.

திங்கட்கிழமை முதல் எல்லா டிப்போவிலும் புது ஷீட் என்று அறிவித்துவிட்டார்கள். டின் வந்து சேர்ந்தது வெள்ளிக்கிழமை மத்தியானம். எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்ற விளக்கக் கடிதம் தனியாகத் தபாலில் வருவதாக மேலே ஒரு சீட்டு. ஃப்ளாப்பியைப் போட்டால் எங்கள் புரோகிராம் முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

என்னோடு வேலை பார்த்தவள் மேர்சி. வைப்பின் தீவுக்காரி. தினமும் படகில் கோட்டைக்கொச்சிக்கு வந்து, அங்கிருந்து மட்டாஞ்சேரிக்கு வருவாள். எதையும் இரண்டு முறை பார்க்கிற கண் அவளுக்கு. அவள்தான் கண்டுபிடித்தாள்.

"சேச்சி, இவங்க வரியில எண்பத்திரெண்டு கட்டம் இருக்கு. கடைசி ரெண்டும் எல்லாத்துலயும் காலி. ஒரு முப்பத்தெட்டு வரியில மட்டும் ஏதோ நம்பர் உண்டு. பத்து, பன்னெண்டு, பதினஞ்சுன்னு."

"அது அவங்க மெஷினோட வால். வெட்டிவிடு."

"என்னதுன்னு கேட்க வேண்டாமா?"

கேட்க வேண்டுமென்றால் டிரங்க் கால் போட வேண்டும். அதற்கு மேனேஜரிடம் காரணம் சொல்ல வேண்டும். புக் செய்துவிட்டு அரை நாள் காத்திருந்து, லைன் கிடைத்தபோது அந்தப் பக்கம் விஷயம் தெரிந்த ஆள் இருக்க வேண்டும். இதெல்லாம் உண்மை. ஆனால் நான் கேட்காததற்குக் காரணம் இவை எதுவும் இல்லை. எண்பத்தொன்றாவது கட்டத்தில் உருப்படியாக ஏதாவது இருக்கும் என்று என் புத்திக்குத் தோன்றவே இல்லை.

"வால் இல்லாட்டி மாடு நடக்காதா மேர்சி? வெட்டு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே வெட்டினாள். புரோகிராம் தடையில்லாமல் ஓடியது.

நீங்கள் இதற்கு 'டேட்டா கிளீனிங்' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். நல்ல பெயர். கேட்கும்போதே கை கழுவின மாதிரி இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமையும் வந்து அச்சடித்தோம். திங்கட்கிழமை டிப்போ அதிகாரி நேரில் வந்து, "ஒரு அடித்தல் திருத்தல் இல்லை பாரு" என்று ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். லட்டு வாங்கி வரச் சொன்னார். அந்த வாரக் கடைசியில் விளக்கக் கடிதம் வந்தது. வேலைதான் முடிந்துவிட்டதே என்று உறையைப் பிரிக்காமல் ஃபைலில் வைத்தேன். இதைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது.

ஆறு வாரம் போனது. ஒரு சாயங்காலம் மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். பாலக்காட்டுத் தமிழர், கெட்ட மனிதர் இல்லை. மேஜைமேல் பஸ் நிறுவனத்தின் கடிதம் ஒன்று கிடந்தது. கோட்டைக்கொச்சி படகுத்துறையில் காலை ஆறு பத்துக்குப் புறப்படும் அரூர் வண்டியின் டிரைவர், சேவியர் என்பவர், ஷீட்டில் சொன்ன நேரத்துக்கு வண்டியை எடுப்பதில்லை. பலமுறை மெமோ கொடுத்தும் மாறவில்லை. சஸ்பென்ஷனில் இருக்கிறார். வியாழக்கிழமை விசாரணை. பழைய நேரப்பலகையைக் கழற்றியாகிவிட்டதால் ஷீட்தான் ஒரே ஆவணம். ஆகவே அது சரிதான் என்று அச்சடித்தவர் எழுதித் தர வேண்டும்.

அவர்களே வாசகத்தையும் அடித்து அனுப்பியிருந்தார்கள். 'மேற்படி வண்டியின் நேரம் எங்கள் கணினியில் உள்ள விவரப்படியே அச்சிடப்பட்டது என்று உறுதி கூறுகிறேன்.' கீழே என் பெயருக்கு ஒரு கோடு.

"ஒப்பு போட்டுக் கொடு, மதி" என்றார் மேனேஜர்.

அதை என் இடத்துக்கு எடுத்து வந்து பேனாவைத் திறந்தேன். தோளுக்குப் பின்னால் நின்று மேர்சி படித்துக்கொண்டிருந்தாள்.

"இது சேவியர் சேட்டனோட வண்டியல்லே? சேச்சி, அது படகு வந்த பிறகுதான் எடுக்கும். எப்பவும் அப்படித்தான். என் சொந்த சேச்சி அதுலதான் அரூருக்குப் போறா, இறால் உரிக்க. ஏழு மணிக்கு ஷெட் கேட்டைப் பூட்டிருவாங்க. சேட்டனை நிறுத்தின பிறகு இந்த வாரம் ரெண்டு நாள் வண்டி போயிருச்சு. அவ திரும்பி வந்துட்டா."

"எவ்வளவு நேரம் நிப்பாரு?"

"பத்து பன்னெண்டு நிமிஷம். அதுக்கு மேல நிக்கமாட்டாரு."

பன்னிரண்டு. ஃபைலை எடுத்து அந்த உறையைப் பிரித்தேன். கடைசி வரியில் இருந்தது: 'எண்பத்தொன்று, எண்பத்திரண்டு: படகு, ரயில் முதலிய இணைப்புக்காக வண்டி காத்திருக்க வேண்டிய அதிகபட்ச நிமிடம்.' தலைமை அலுவலகத்தில் யாரோ ஒருவர், காத்திருப்பதற்குத் தனியாக இடம் ஒதுக்கி, ஒவ்வொரு இடத்துக்கும் நிமிடம் போட்டு, அதற்கு விளக்கமும் எழுதி அனுப்பியிருக்கிறார். அவர் செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டார்.

கடிதத்தை மேனேஜரிடம் காட்டினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது எப்ப வந்தது?"

"அஞ்சு வாரம் ஆச்சு சார்."

"எப்ப பிரிச்சே?"

"இப்பத்தான்."

கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவா எழுதி அனுப்பினதை நன்னா வாசிச்சியா? நம்ம மெஷின்ல உள்ளபடின்னுதானே இருக்கு. நம்ம மெஷின்ல ஆறு பத்துதானே உள்ளது. பொய் ஒண்ணும் இல்லை, கேட்டியா. அடுத்த மாசத்துலேர்ந்து சத்தம் போடாம சரி பண்ணிக்கலாம். இப்ப இதைக் கிளப்பினா வேலை கைவிட்டுப் போகும். உன்னை மட்டும் இல்லை, மேர்சியையும் சேர்த்துத்தான் வீட்டுக்கு அனுப்பணும்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் சங்கடம். அந்த வாசகத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. உங்களுக்கும் இப்படி ஒரு காகிதம் ஒருநாள் வரும். பொய்யில் கையெழுத்துப் போடச் சொன்னால் பெரும்பாலோர் மறுத்துவிடுவார்கள், அதில் பெரிய வீரம் ஒன்றுமில்லை. உண்மையை அளவாக நறுக்கி வைத்துப் போடச் சொல்லும்போதுதான் கை தடுமாறும். என் கை தடுமாறியது. அப்பாவுக்கு அப்போது கண் சரியாகத் தெரியாது, கடையை மூடியாகிவிட்டது. வீட்டில் என் சம்பளம்தான். "நாளைக்குப் போட்டுத் தரேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கோட்டைக்கொச்சி படகுத்துறைக்குப் போனேன். வண்டி தயாராக நின்றது. டைம்கீப்பர் அறைச் சுவரில் நான் அடித்த ஷீட், ஓரம் கூட மடங்காமல் ஒட்டியிருந்தது. படகு எதிரே தெரிந்தது. ஆனால் காயல் கடலில் சேரும் அழிமுகத்தில் ஒரு கப்பல் உள்ளே வந்துகொண்டிருந்தது. அது கடந்து போகும்வரை படகு நடுவில் நிற்க வேண்டும். அங்கே அது வழக்கம்தான். கப்பல் இல்லாவிட்டால் நீரோட்டம் இழுக்கும், மழைக்காலத்தில் ஆகாயத்தாமரை வந்து அடைக்கும். சொன்ன நிமிடத்துக்குக் கரை சேர அது ரயில் இல்லை.

ஆறு பத்துக்குப் புது டிரைவர் ஷீட்டைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார், வண்டியைக் கிளப்பினார். படகு அப்போது துறைக்குக் கிட்டத்தில் வந்திருந்தது. உள்ளே இருந்த பெண்கள் எழுந்து நின்று தூக்குப் பாத்திரத்தை ஆட்டிக் கத்தினார்கள். படகு கட்டுவதற்கு முன்பே இரண்டு பேர் குதித்து ஓடி வந்தார்கள். வண்டி வளைவில் திரும்பிப் போய்விட்டது. ஓடி வந்தவர்களில் ஒருத்தி இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு டைம்கீப்பரைத் திட்டினாள். அவர் சுவரைக் காட்டினார். "நான் என்ன செய்ய? கம்ப்யூட்டர் சொல்லுது." அவள் அந்தக் காகிதத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு எல்லோரும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்கள், வந்த படகிலேயே திரும்பிப் போக.

சாயாக்கடைப் பக்கம் வேட்டி கட்டிய ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். பெண்கள் போகிற போக்கில் அவரிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனதில் அவர்தான் சேவியர் என்று தெரிந்தது. கிட்டே போனேன்.

"சேட்டா, அந்த ஷீட் அடிச்சது நான்தான்."

"அப்படியா? நல்ல தெளிவா இருக்கு மோளே. முன்ன கையால எழுதினதுல பாதி வாசிக்கவே வராது." கிண்டலாகச் சொல்லவில்லை. மனதாரப் பாராட்டினார். எனக்குச் செத்துவிடலாம் போல் இருந்தது.

"அதுல பன்னெண்டு நிமிஷம் நிக்கணும்னு இருந்திருக்கணும். தலைமை ஆபீஸ்லேர்ந்து சரியா வந்தது. நான் வெட்டிட்டேன்."

"எதுக்கு வெட்டின?"

எண்பது கட்டத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னேன். மூன்றாவது வாக்கியம் வரவில்லை. உங்கள் வேலையில் ஏதாவது ஒன்று ஏன் அப்படி இருக்கிறது என்று சந்தேகம் வந்தால், அதனால் நஷ்டப்பட்ட ஒருவரிடம் போய் விளக்கிப் பாருங்கள். வாய்க்குள்ளேயே தெரிந்துவிடும்.

நான் கேட்டேன்: "மெமோ வந்த பிறகாவது நேரத்துக்கு எடுத்திருக்கலாமே?"

"அவங்க படகுலேர்ந்தே கை காட்டுவாங்க மோளே. கண்ணாடியில தெரியும். அதைப் பார்த்துட்டு எப்படி கியர் போடறது? மெமோ குடுக்கற சாருக்குக் கை காட்டறவங்களைத் தெரியாது, எனக்குத் தெரியுமே." சாயா கிளாஸைக் கீழே வைத்தார். "அப்ப நீ சொன்னதை ஒரு பேப்பர்ல எழுதித் தருவியா? நான் சொன்னா நம்பமாட்டேங்கிறாங்க. மெஷின்ல இல்லைன்னு சொல்றாங்க."

எழுதித் தருவதாகச் சொன்னேன். அலுவலகத்துக்குப் போய், அவர்கள் அனுப்பிய வாசகத்தில் கையெழுத்துப் போடாமல் மேனேஜர் மேஜையில் வைத்தேன். நிறுவனத்தின் தாளில் எழுத அவர் அனுமதிக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளில், வந்த விவரத்தில் இரண்டு கட்டம் கூடுதலாக இருந்தது, கேட்காமல் வெட்டியது நான், மேர்சி கேட்கச் சொன்னாள் என்று எழுதி, விளக்கக் கடிதத்தையும் உறையோடு எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை டிப்போவுக்குப் போனேன். ஃபைலிலிருந்து எடுத்தது மேனேஜருக்குத் தெரியும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அது அவர் செய்த உதவி என்று பல வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

விசாரணை அதிகாரி என் தாளை இரண்டு முறை படித்தார். உறையின் தபால் முத்திரையைப் பார்த்தார். "இதை எப்பம்மா பிரிச்சே?" என்று கேட்டார். சொன்னேன். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சேவியர் மட்டும் சிரிக்கவில்லை.

"சரி. இவர் காத்து நின்னது முறைதான். மெமோவை எல்லாம் எடுத்துடலாம்" என்று குமாஸ்தாவிடம் சொன்னார். நான் எழுந்துகொண்டேன். அப்போதுதான் அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"இந்த மாதிரி மொத்தம் எத்தனை வரி வெட்டினே?"

"முப்பத்தெட்டு சார்."

"மெமோ வந்தது இவர் ஒருத்தருக்குத்தானே. மத்த முப்பத்தேழு வண்டி?"

அந்த மூன்று நாளும் சேவியரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேனே தவிர, அந்த முப்பத்தேழைப் பற்றி ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. "ஒரு புகாரும் வரலையே சார்" என்றேன்.

சேவியர்தான் பதில் சொன்னார். "அவங்க ஷீட்டைப் பார்த்து நேரத்துக்கு எடுத்திருப்பாங்க சார். அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது."

அன்று எனக்கு வந்த அவமானம், அந்த உறையால் வந்ததைவிடப் பெரியது. ஆறு வாரமாக முப்பத்தேழு இடத்தில் யாரோ வண்டிக்குப் பின்னால் ஓடியிருக்கிறார்கள். நாம்தான் தாமதமாக வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறார்கள். அவர்களுக்குப் புகார் செய்யத் தோன்றியிருக்காது. செய்திருந்தாலும் யாராவது சுவரில் இருக்கிற ஷீட்டைக் காட்டியிருப்பார்கள். என் தப்பு வெளியே வந்ததற்கு ஒரே காரணம், ஒரு மனிதர் என் ஷீட்டுக்குக் கீழ்ப்படியவில்லை என்பது. அதற்காக அவருக்குத் தண்டனை கொடுக்க இருந்தார்கள், அதற்கு நான் சான்று எழுதித் தர இருந்தேன். ஆகவே உங்கள் விவரத்தின்படி யாராவது நடக்கவில்லை என்று தகவல் வந்தால், முதலில் அந்த ஆளிடம் போய்க் கேளுங்கள். கம்ப்ளெயின்ட் இல்லை என்று சந்தோஷப்பட்ட அந்தப் பெண்ணுக்குத்தான் முக்கியமாக இதைச் சொல்கிறேன்.

வேலை எங்களை விட்டுப் போகவில்லை. என் நேர்மையை மெச்சி அல்ல, அவர்களுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. சேவியருக்கு அதே வண்டி திரும்பக் கிடைத்தது. மேர்சியின் அக்கா ஒரு பொட்டலம் இறால் கொடுத்தனுப்பினாள். எங்கள் வீட்டில் சைவம், எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன். மேனேஜர் ஒரு மாதம் என்னிடம் வேலையைத் தவிர வேறு பேசவில்லை.

பிஸ்கட் டின்னைத் திரும்ப வரவழைத்தோம். வரியை எண்பத்திரண்டாக மாற்றி, மேர்சி முப்பத்தெட்டையும் உரக்கப் படிக்க நான் சரிபார்த்தேன். பிறகு முப்பத்தேழு இடத்திலும் பொறுப்பில் இருந்தவர்களுக்குக் கடிதம் எழுதினேன். இங்கே வண்டி யாருக்காகக் காத்திருந்தது, இப்போது காத்திருக்கிறதா, நடுவில் ஏதாவது சிரமம் உண்டா என்று. கேட்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கேட்காமல் தூக்கம் வரவில்லை.

பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஓரிடத்தில் பாசஞ்சர் ரயில். ஓரிடத்தில் ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிந்து வரும் நர்சுகள். நிறையப் படகுகள். பெரும்பாலோர், மறுபடியும் நிற்கிறது, நன்றி என்று எழுதினார்கள். காயலுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னத் துறையிலிருந்து வந்த கார்டில் மட்டும் நாலு வரி இருந்தது. 'அக்கரையிலிருந்து கல்லூரிக்கு நான்கு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். வண்டி கிடைக்காமல் அடிக்கடி திரும்பிப் போனதால் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். படகு வருகிறது. இந்த வண்டிக்கு ஆள் இல்லை. பத்து நிமிடத்தை எடுத்துவிடலாம்.'

பெண்ணை வீட்டில் நிறுத்தச் சாக்குத் தேடிக்கொண்டிருந்த நாலு வீட்டுக்கு நான் ஒரு சாக்கு அச்சடித்துக் கொடுத்திருந்தேன். நான் வேலைக்குப் போகிற பெண். எங்கள் தெருவிலும் என்னை நிறுத்தச் சொன்னவர்கள் உண்டு. நிறுத்தாத அப்பா எனக்கு வாய்த்திருந்தார்.

அந்தப் பத்தை நான் எடுக்கவில்லை. அடுத்த மாத ஷீட்டிலும் விட்டுவைத்தேன், அதற்கடுத்த மாதத்திலும். இரண்டு மாதம் ஒரு வண்டி அந்தத் துறையில் தினமும் பத்து நிமிடம் நின்று, ஒருவரும் ஏறாமல் கிளம்பிப் போனது. பிறகு அதை எடுத்துவிடும்படி டிப்போவிலிருந்து எழுத்துமூலமாகக் கேட்டார்கள். மேர்சியைக் கூப்பிடாமல் நானே உட்கார்ந்து, அந்த வரியை வரவழைத்து, பத்தை அழித்தேன். விவரம் இப்போது சரியாக இருந்தது.